முகம் பார்த்துச் சொன்ன விலை

லெஸ்லி பென்ஃபோல்டு நாணயஸ்தன் என்று லண்டன் பங்குச் சந்தைக் கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். சொன்ன விலைக்கு நிற்பவன், நஷ்டம் வந்தாலும் முகம் சுளிக்காதவன். அவன் மனைவி டோரீனைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். ரொம்ப காலம் வரை அவளுக்கு வேறு மாதிரிச் சொல்ல எதுவும் தெரிந்திருக்கவில்லை.

அவன் பிறந்தது தேம்ஸ் நதி கடலில் கலக்கிற இடத்தில், லீ என்ற ஊரில். அப்பா படகில் போய்ச் சிப்பி அள்ளி, வேகவைத்து, வினிகர் ஊற்றி விற்றவர். சேற்றில் இறங்க லெஸ்லிக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் முடித்ததும் ரயிலேறி நகரத்துக்கு வந்து, சந்தையில் ஒரு கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தான். முப்பது வயதில் தன் கம்பெனி சார்பாக விலை சொல்ல உரிமை பெற்றுவிட்டான்.

அவன் செய்த தொழிலுக்கு ஜாபர் என்று பெயர். கூடத்தில் ஆறு பட்டைக் கூண்டு ஒன்றின் முன்னால் காலையிலிருந்து சந்தை முடியும்வரை நிற்க வேண்டும். வாடிக்கையாளர்களுக்காக வாங்கவும் விற்கவும் புரோக்கர்கள் வருவார்கள். வந்து, இன்ன பங்கு என்ன விலை என்று மட்டும் கேட்பார்கள். வாங்க வந்தார்களா, விற்க வந்தார்களா என்று வாய் திறக்க மாட்டார்கள்; ஜாபரும் கேட்கக் கூடாது. அவன் இரண்டு எண் சொல்ல வேண்டும். சின்ன எண்ணுக்கு அவன் வாங்கிக்கொள்வான், பெரிய எண்ணுக்கு விற்பான். இடையில் இருக்கிற ஒன்றிரண்டு பென்னிதான் அவன் பிழைப்பு. சொல் வாயை விட்டு வந்துவிட்டால் அது அவனுடையதல்ல, கேட்டவனுடையது. "விற்றேன்" என்றோ "வாங்கினேன்" என்றோ எதிரே இருப்பவன் ஒரு வார்த்தை சொன்னால் வியாபாரம் முடிந்தது. மாற்றிப் பேசினவன் மறுநாள் அந்தக் கூடத்துக்குள் தலைகாட்ட முடியாது.

இரண்டு பக்கமும் விலை சொல்ல வேண்டியிருந்ததால்தான் அந்தத் தொழிலில் நியாயம் தங்கியிருந்தது. ஏற்றிச் சொன்னால் வந்தவன் தலையில் கட்டிவிட்டுப் போவான். இறக்கிச் சொன்னால் அள்ளிக்கொண்டு போவான். வந்தவன் எந்தப் பக்கம் என்று தெரியாதவரைக்கும் நேர்மையாக இருப்பதைத் தவிர ஜாபருக்கு வேறு வழியில்லை.

தெரிந்துவிட்டால் கதை வேறு. விற்க வந்தவன் என்று தெரிந்தால் இரண்டு எண்ணையும் கொஞ்சம் கீழே இறக்கிச் சொல்லலாம். அதனால் நல்ல ஜாபர்கள் எல்லாருமே முகம் படிக்கக் கற்றவர்கள். விற்க வருகிறவன் சாவகாசமாக நடந்து வருவான், அவசரமில்லை என்று காட்டுவதற்கு. வாங்க வருகிறவன் முதலில் வேறு ஏதோ பங்கின் விலையைக் கேட்பான். லெஸ்லிக்கு இது சிறு வயதிலேயே கைவந்துவிட்டது. புரோக்கர்கள் அவனிடம் வரும்போது முகத்தைத் துடைத்துவிட்டு வருவார்கள் என்று பக்கத்துக் கூண்டு பெர்சி கேலி செய்வான். லெஸ்லிக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவனிடம் வருகிற புரோக்கர்களில் ஒருவன் மாரிஸ் கேபல். அவன் லெஸ்லிக்குச் சகலை. டோரீனும் மாரிஸின் மனைவி பெரிலும் அக்கா தங்கை. ஒரே கோடையில், சில வார இடைவெளியில், ஒரே தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. இரண்டு வீடும் நடந்து போகிற தூரம். காலையில் இருவரும் ஒரே ரயிலில், எதிரெதிரே உட்கார்ந்து போவார்கள். மாரிஸ் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுவான். மூன்று ஸ்டேஷன் தாண்டியும் ஒரு கட்டம் நிறையாவிட்டால் லெஸ்லி பக்கம் திருப்பிக் காட்டுவான். லெஸ்லிக்கு ஒன்றும் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். அந்தத் திருப்பிக் காட்டல்தான் அவர்களுடைய காலை வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரம் இந்த வீட்டில், ஒரு வாரம் அந்த வீட்டில் சாப்பாடு. வறுத்த ஆட்டுத்தொடை, புதினாச் சட்னி, உருளைக்கிழங்கு. பிள்ளைகள் எல்லாம் ஒரே மேசையில். அங்கே சந்தைப் பேச்சு கிடையாது. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. முதல் நாளிலிருந்தே பேசாமல் வந்தார்கள், அவ்வளவுதான். ஒருவன் விலை சொல்லுகிறவன், ஒருவன் விலை கேட்கிறவன். பேசினால் ஒருவன் பை அறுபடும்.

மாரிஸ் கெட்டிக்காரனில்லை. நிதானமானவன். தன் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற பாதிரிமார்களும் கப்பல்காரர்களின் விதவைகளும் என்று சொல்லிக்கொள்வான். தன்னுடைய சேமிப்பையெல்லாம் கார்வுட் பிஸ்கட் கம்பெனிப் பங்கில் போட்டிருந்தான். ஜனங்கள் எந்தக் காலத்திலும் தேநீரில் பிஸ்கட்டைத் தோய்க்காமல் இருக்க மாட்டார்கள் என்பது அவன் கட்சி. கார்வுட்டுக்கு விலை சொல்லுகிறவன் லெஸ்லி. மாரிஸிடம் எவ்வளவு இருக்கிறது என்று அவன் கேட்டதுமில்லை, மாரிஸ் சொன்னதுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு வந்தது.

அந்த வருஷத்தை அந்தக் கூடத்தில் நின்றவர்கள் யாரும் மறக்கவில்லை. எதை வாங்கினாலும் மறுநாள் அது குறைந்தது. ஊரில் சர்க்கரை கிடைக்கவில்லை, கடைகளில் ஆளுக்கு ஒரு பொட்டலம் என்று கொடுத்தார்கள். பிஸ்கட் கம்பெனிகள் பாடு திண்டாட்டம். சந்தைக் கூடத்தில் அவ்வப்போது சிப்பந்தி மேடையேறி மரச்சுத்தியால் தட்டுவான். எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். ஏதாவது ஒரு கம்பெனி கடனைக் கட்ட முடியாமல் விழுந்துவிட்டது என்று பெயரைப் படிப்பான். அன்றைக்கு மதியம் அந்தக் கம்பெனி ஆட்கள் தங்கள் கோட்டை எடுத்துக்கொண்டு போவதை யாரும் நேராகப் பார்க்க மாட்டார்கள்.

கார்வுட்டுக்கு முன்பெல்லாம் இரண்டு ஜாபர்கள் இருந்தார்கள். இன்னொருவனுடைய கம்பெனி அந்த இலையுதிர் காலத்தில் மூடிக்கொண்டது. லெஸ்லி ஒருவன்தான் மிச்சம். கார்வுட்டை வாங்கவோ விற்கவோ அவனிடம்தான் வந்தாக வேண்டும். லெஸ்லியின் கம்பெனி மூத்த பங்காளி ஆஸ்வால்டு, மீசை நரைத்த பழைய ராணுவக்காரர், தினமும் காலையில் கூண்டுக்கு வந்து அதையே சொல்லிவிட்டுப் போவார்: சரக்கைத் தலையில் வாங்காதே, வருகிறவனெல்லாம் விற்க வருகிறவன், வாங்கிப் போட்டால் அடுத்த சுத்தியடி நமக்குத்தான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. சாப்பாடு மாரிஸ் வீட்டில். வழக்கத்துக்கு மாறாக மாரிஸ் பேசாமல் கறியை வெட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்து ஆண்கள் பிள்ளைகளோடு கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தார்கள். அக்காவும் தங்கையும் பாத்திரம் கழுவினார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் டோரீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் லெஸ்லியிடம் சொன்னாள். வங்கி மாரிஸை நெருக்குகிறதாம். வீட்டின் மேல் வாங்கிய கடன். கார்வுட் பங்கை விற்றுக் கட்டிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறானாம். பெரில் அழுதாளாம்.

"உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். மனசு கேக்கல. அவனுக்கு நீ ஏதாவது பார்த்துச் செய், லெஸ்."

லெஸ்லி தலையை ஆட்டினான். அந்த நேரத்தில் அவனுக்கு வருத்தம்தான் இருந்தது. பிற்பாடு தன்னையே எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தும் அவனுக்கு இதில் சந்தேகம் வந்ததில்லை: அந்த ஞாயிறு மாலை அவன் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

மறுநாள் ரயிலில் மாரிஸ் குறுக்கெழுத்தைத் திருப்பிக் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை முற்பகல். காலையிலிருந்தே விலைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆஸ்வால்டு இரண்டு தடவை வந்து போயிருந்தார். கார்வுட்டுக்கு லெஸ்லி அன்று காலையில் சொன்ன விலை நாற்பது, நாற்பத்திரண்டு. அந்த விலையில் அப்போதுதான் ஒருவன் கொஞ்சம் விற்றுவிட்டுப் போயிருந்தான். இன்னும் கொஞ்சம் வந்தாலும் ஏற்கலாம் என்றுதான் லெஸ்லி நினைத்திருந்தான்.

அப்போது மாரிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். சாவகாசமான நடை. முகம் வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"கார்வுட் என்ன விலை? ஐயாயிரத்துக்கு."

லெஸ்லிக்கு யோசிக்க நேரமெடுத்தது என்று சொல்ல முடியாது. பெர்சி பார்த்துக்கொண்டிருந்தான், அவனும் ஒன்றும் கவனிக்கவில்லை. இவன் விற்க வந்திருக்கிறான், இது முதல் ஐயாயிரம், பின்னால் இன்னும் எத்தனை வரப்போகிறதோ, இவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. இவ்வளவும் ஒரே மூச்சில் அவனுக்குள் ஓடியது. இருபது வருஷமாக ஓடிப் பழகிய தடம்.

"முப்பத்தினாலு, முப்பத்தாறு," என்றான்.

 மாரிஸ் லெஸ்லியின் முகத்தைப் பார்த்தான். அதற்கு முன்னால் மாரிஸ் யாரையும் படிக்க முயன்று லெஸ்லி பார்த்ததில்லை. பிறகு, "ரெண்டு பக்கமும் ஐயாயிரத்துக்கு நிக்கிறியா?" என்று கேட்டான்.

"நிக்கிறேன்."

"அப்ப ஐயாயிரம் வாங்கினேன், முப்பத்தாறுக்கு."

லெஸ்லிக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை போல இருந்தது. ஆனால் கை வழக்கம்போலப் பென்சிலை எடுத்துவிட்டது. ஐயாயிரம், விற்றது, முப்பத்தாறு. மாரிஸும் தன் சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். எழுதி முடித்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பிப் போனான். அவன் வாடிக்கையாளர் ஒரு பாதிரியார். எங்கிருந்தோ வந்த பணத்தில், ஊரெல்லாம் விற்கும்போது வாங்குவதுதான் புத்தி என்று நினைத்த கிழவர். அவருக்காக வாங்க வந்திருந்தான் மாரிஸ்.

பெர்சி வாய்விட்டுச் சிரித்தான். "என்ன லெஸ், பிஸ்கட்டை இந்த விலைக்குக் கொடுத்துட்ட? உடைஞ்சதா?"

கடைகளில் உடைந்த பிஸ்கட்டைப் பாதி விலைக்கு அள்ளிப் போடுவார்கள். சுற்றி நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். லெஸ்லியும் சிரித்தான். அவனுக்குக் காது மடல் சுட்டது. நஷ்டம் வந்துவிட்டதே என்பதால் அல்ல. மாரிஸ் கூட்டல் கழித்தல் தெரிந்தவன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நாற்பது என்று சொன்ன லெஸ்லி, தன்னைக் கண்டதும் ஏன் ஆறு பென்னி இறக்கினான் என்று அவன் யோசித்திருப்பான். தான் விற்க இருப்பது லெஸ்லிக்கு எப்படித் தெரியும்? யார் சொல்லித் தெரியும்? விடை ஒரே வீட்டில்தான் இருந்தது. தெரிந்தும் என்ன செய்தான்? அதையும் மாரிஸ் தன் காதாலேயே கேட்டுவிட்டான்.

அன்றைக்கு இரண்டு எண் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்றால், ஒரு பக்கத்து விலை மட்டும் சொல்லுகிற தொழிலாக இருந்திருந்தால், அவன் மனசு யாருக்கும் தெரிந்திருக்காது. அவனுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் காலை ரயிலில் எதிர் இருக்கை காலியாக இருந்தது. மாரிஸ் முந்தைய ரயிலுக்கு மாறிவிட்டான் என்று ஸ்டேஷன் பத்திரிகைக் கடைக்காரன் சொன்னான். அடுத்த ஞாயிறு பெரிலுக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் ஏதோ ஒன்று. கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள், பிள்ளைகளுக்காக வந்தது போல வந்து, இருட்டுமுன் போனார்கள். மாரிஸ் மரியாதையாக இருந்தான். உப்பை எடுத்துக் கொடு என்று கேட்டபோதுகூட "தயவுசெய்து" என்றான். அதுதான் லெஸ்லிக்குத் தாங்கவில்லை.

டோரீனுக்கு எதுவும் புரியவில்லை. பணக்கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒதுங்கிப் போவார்கள், நாமே விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லெஸ்லி ஆமாம் என்றான்.

டிசம்பர் பூராவும் விலைகள் இறங்கின. விற்ற ஐயாயிரத்தை லெஸ்லி முப்பதுக்கும் அதற்குக் கீழேயும் மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி ஈடுகட்டிவிட்டான். கணக்குப் பார்த்தால் லாபமே நின்றது. நஷ்டமாவது வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

புத்தாண்டு பிறந்ததும், சந்தை தரை தட்டிய அந்த முதல் வாரத்தில், வேறொரு கம்பெனியின் புரோக்கர் வந்தான். லெஸ்லி அதிகம் பழகாத இளைஞன். கார்வுட் விலை கேட்டான். லெஸ்லி அவன் முகத்தைப் பார்க்காமல், அன்றைக்கு எது நியாயமோ அதைச் சொன்னான்: இருபத்தைந்து, இருபத்தேழு. இளைஞன் விற்றான். கொஞ்சநஞ்சமல்ல. ஆஸ்வால்டு வேண்டாம் என்று சொல்லக்கூடிய அளவு. லெஸ்லி மறுக்கவில்லை, சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டான்.

ஜனவரி முடிவதற்குள் காற்று திசை மாறியது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. விழுந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் எல்லாம் ஏறின. விற்றவனெல்லாம் வாங்க ஓடி வந்தான். பிப்ரவரியில் லெஸ்லி அந்தக் கார்வுட் பங்குகளை ஐம்பதுக்கு மேல் விற்றுத் தீர்த்தான். ஆஸ்வால்டு அவன் தோளைத் தட்டி, மதியச் சாப்பாட்டுக்கு ஒயின் வாங்கிக் கொடுத்தார். கம்பெனி பிழைத்ததே அந்த ஒரு சரக்கால்தான் என்று மற்றவர்களிடம் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் டோரீன், மாரிஸ் வீட்டை விற்கப் போகிறானாம் என்றாள். கார்வுட் பங்கையெல்லாம் புத்தாண்டு வாரத்திலேயே தெரிந்த வேறொரு புரோக்கர் மூலம் விற்றுவிட்டானாம். கடனில் மூன்றில் இரண்டு பங்குதான் அடைந்ததாம். ஒரு மாதம் பொறுத்திருந்தால் வீடு தப்பியிருக்குமாம்.

லெஸ்லி கையிலிருந்த கோப்பையை மேசைமேல் வைத்தான். யாரிடமிருந்து வாங்கினோம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மாரிஸ் சந்தையை விட்டே போய்விட்டான். அவன் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்தபோது வேண்டாதவர்கள் பட்டியலில் அவன் பெயரும் இருந்தது. சவுத்எண்டில் கடலுக்குள் ஒரு மைலுக்கு மேல் நீளுகிற மரப்பாலம் இருக்கிறது. அதன்மேல் ஒரு சின்ன ரயில் ஓடும். அந்த ரயிலுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலையில் சேர்ந்தான். ஊருக்கு வெளியே இரண்டு அறை வாடகை வீடு.

லெஸ்லி அவனைப் பார்க்கப் போனது அந்தக் கோடையில், வேலை நாள் ஒன்றில், டோரீனிடம் சொல்லாமல். சந்தைக்குப் போகிறவன்போல உடுத்திக்கொண்டு எதிர்த்திசை ரயிலில் ஏறினான். டிக்கெட் ஜன்னலில் வரிசை இருந்தது. தன் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் மாரிஸ் தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

"போக வரவா, போக மட்டுமா?"

லெஸ்லி பையில் சில்லறையைத் தேடினான். பின்னால் ஒரு பெண் குழந்தையோடு நின்றிருந்தாள். மாரிஸ் போக வரவாக ஒன்றைக் கிழித்து நீட்டினான். "நாப்பது நிமிஷத்துல எனக்கு டீ நேரம்," என்றான்.

லெஸ்லி ரயிலேறவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நீர் வற்றி, சேறு கண்ணுக்கெட்டிய தூரம் வரை பளபளத்துக்கொண்டிருந்தது. மாரிஸ் இரண்டு காகிதக் கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு வந்து ஒன்றை அவனிடம் கொடுத்தான். பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

லெஸ்லி தயாரித்து வந்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. டோரீன் சொன்னாள், அதனால் எனக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் சொன்னான்.

"தெரியும்," என்றான் மாரிஸ். "அன்னிக்கே தெரிஞ்சுது."

"எனக்குப் பயம், மாரிஸ். ஆஸ்வால்டு வேற தினமும் கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருந்தார். நீ மூட்டையா கொண்டுவந்து இறக்கப் போறேன்னு நினைச்சேன்."

"இறக்கத்தான் இருந்தேன். வாடிக்கைக்காரர் வேலை முதல்ல, நம்ம வேலை அப்புறம். அதான் பாதிரியாருக்கு முதல்ல வாங்க வந்தேன். முப்பத்தெட்டு வந்தா எனக்குக் கடன் தீர்ந்துடும். நீ நாப்பதுன்னு சொல்லியிருந்தா, அவருக்கு வாங்கிட்டு, அன்னிக்கு மத்தியானமே என்னுதை உன்கிட்ட வித்திருப்பேன்."

லெஸ்லி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நீ தப்பா ஒண்ணும் செய்யல. புத்தகத்துல பார்த்தா உன்மேல ஒரு குறை இல்ல. சொன்ன விலைக்கு நின்ன. முகத்தைப் பார்த்து விலை சொல்றது உன் வேலை, அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்." மாரிஸ் டீயை ஊதிக் குடித்தான். "ஆனா நீ என் முகத்தைப் பார்க்கல, லெஸ். என் வீட்டு அடுப்படியைப் பார்த்துச் சொன்ன."

பிறகு, டிக்கெட் ஜன்னலுக்கு மேலே தொங்கிய கட்டண அட்டையைக் காட்டி, "இங்க அந்தக் கஷ்டமில்ல பாரு. யார் மூஞ்சி எப்படி இருந்தாலும் அதே விலைதான்," என்றான். அது கேலியா, உண்மையிலேயே நிம்மதியா என்று லெஸ்லிக்குப் படிக்கத் தெரியவில்லை. புத்தாண்டு வாரத்தில் அந்த மொத்தத்தையும் வாங்கியவன் நான்தான், இரட்டிப்பு விலைக்கு விற்றேன் என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான். சொல்லவில்லை. மாரிஸுக்கு அது தெரியாமலிருக்காது. கார்வுட்டுக்கு வேறு ஜாபர் கிடையாது.

டீ முடிந்ததும் மாரிஸ் எழுந்தான். கை கொடுத்தான். கை கொடுத்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று லெஸ்லி சில வாரம் நம்பினான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வரவில்லை.

பிறகு லெஸ்லி தன் தொழிலில் இன்னும் மேலே போனான். கம்பெனியில் பங்காளியானான். ஆனால் பழைய சாமர்த்தியம் அவனிடம் இல்லை என்று பெர்சி போன்றவர்களுக்குத் தெரிந்தது. யார் வந்தாலும் கூண்டின் விளிம்பையோ தன் பென்சிலையோ பார்த்தபடி விலை சொன்னான். புரோக்கர்களுக்கு அது பிடித்திருந்தது. அவனுக்குப் பெயர் கூடியது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவன் பேச்சை மாற்றினான்.

எண்பத்து நான்கில் பெரில் இறந்துபோனாள். மார்பில் புற்று. டோரீன் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தாள். மாரிஸ் அடக்கத்தன்று லெஸ்லிக்குக் கை கொடுத்து, வந்ததற்கு நன்றி என்றான். மற்ற எல்லாருக்கும் சொன்ன அதே நன்றி.

இரண்டு வருஷம் கழித்து சந்தையின் முறையே மாறியது. கூடம் காலியானது, விலை சொல்லுகிறவர்கள் எல்லாரும் அலுவலகத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். லெஸ்லி ஓய்வு பெற்றுக்கொண்டான். கம்பெனியில் விருந்து வைத்து, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இளம் பங்காளி ஒருவன் எழுந்து, லெஸ்லி பென்ஃபோல்டு போல நியாயமாக விலை சொன்னவர் இந்த நகரத்தில் வேறு யாருமில்லை என்று பேசினான். டோரீன் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் லெஸ்லி அவளை உட்கார வைத்துச் சொன்னான். அவளாக எதுவும் கேட்கவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டபின் அவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஞாயிறு, செவ்வாய்க்கிழமை, முப்பத்தினாலு முப்பத்தாறு, புத்தாண்டு வாரம், மரப்பாலத்தில் குடித்த டீ, எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கேட்டது வேறு.

"பெரிலுக்குத் தெரியுமா?"

"மாரிஸ் சொல்லியிருப்பான்."

"சொல்லியிருக்கான்," என்றாள் டோரீன். "ஆஸ்பத்திரியில ஒரு நாள் என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'நான் அழுததைக்கூட நீ சொல்லிட்டியா, டோரீன்?'னு கேட்டா. மருந்து மயக்கத்துல ஏதோ உளர்றான்னு நினைச்சேன். சும்மா தலையை ஆட்டினேன், அவளைச் சமாதானப்படுத்த. ஆமான்னு தலையை ஆட்டினேன், லெஸ்."

லெஸ்லி அவள் கையைத் தொடப் போனான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கை அவனுக்குப் பதில் சொல்லவுமில்லை. தன்னுடைய தவறு, தனக்கும் மாரிஸுக்கும் நடுவில் நடந்தது என்றே அத்தனை வருஷமும் எண்ணியிருந்தான். பத்து வருஷம் ஒருத்தி தன் அக்கா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நம்பி வாழ்ந்து, அதை நம்பியபடியே செத்தும் போயிருக்கிறாள். இடையில் என்றைக்காவது ஒருநாள் அவன் வாய் திறந்திருந்தால், அக்கா தங்கை இரண்டு பேரும் உட்கார்ந்து அழுது தீர்த்திருப்பார்கள். அவனை ஏசியிருப்பார்கள். அவ்வளவுதானே.

அடுத்த சனிக்கிழமை டோரீன், மாரிஸைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். லெஸ்லி காரில் கூட்டிக்கொண்டு போனான். அந்த வாடகை வீட்டு வாசலில் நிறுத்தியதும், "நீ இங்கேயே இரு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மாரிஸ் கதவைத் திறந்தான், காரைப் பார்த்தான், தலையை லேசாக அசைத்தான், அவளை உள்ளே விட்டு மூடிக்கொண்டான்.

என்ன பேசினார்கள் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. அதன்பின் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அது வழக்கமாகிவிட்டது. டோரீன் கேக் செய்து எடுத்துக்கொள்வாள். லெஸ்லி ஓட்டிக்கொண்டு போவான், எதிர்ச்சாரியில் நிறுத்துவான், பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு அதைப் படிக்காமல் உட்கார்ந்திருப்பான். மழை நாட்களில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிடும். கைக்குட்டையால் துடைத்துவிட்டு அந்த வீட்டு வாசலைப் பார்ப்பான். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் சில சமயம் கேட்கும். ஒருமுறை ஜன்னல் திரை விலகி, மாரிஸ் வெளியே பார்த்தான். கூப்பிடப் போகிறான் என்று லெஸ்லி கதவுப் பிடியில் கை வைத்தான். மாரிஸ் மழை விட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திரையை விட்டான்.